முப்பத்தெட்டு வயதில் குரல் உடைந்த என் மனுசனுக்கு

இஞ்சாருங்கோ,

நீங்கள் இருந்தபோது உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதமென்றால் 'அன்புள்ள அமலதாஸ்' என்று தொடங்க வேண்டுமாம். அப்படித் தொடங்கினால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் திரும்பியும் பார்க்க மாட்டீர்கள்.

தர்சியைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். நானும் உங்கள் தங்கை விமலாவும். விமலாவின் மகளுக்கு மாசியோடு பதினாறு முடிந்துவிட்டது. இன்னும் பெரிய பிள்ளையாகவில்லை. உங்களைப் போலவே அவளுக்கும் மணம் தெரியாது. இரண்டும் ஒரே செய்திதான் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் பலரும் வாசிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

கலியாணம் பேசி வந்தபோது உங்களுக்கு முப்பது வயது. துறைமுகப் பக்கத்தில் கருவாடு காயவைக்கும் ஒரு வாடியில் வேலை. நல்ல உயரம், நீண்ட கைகள், ஒரு ரோமமும் இல்லாத முகம். கோயில் பாட்டுக்குழுவில் பெண்களோடு நின்று பாடும் குரல். "அமைதியான பெடியன், குடிவெறி ஒண்டும் இல்லை" என்று என் அண்ணன் சொன்னார். தாய் தகப்பன் இல்லாத எனக்கு எல்லாம் அண்ணன்தான். வாடியில் உங்களை 'அக்கா' என்று கூப்பிடுவார்கள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கலியாணம் முடிந்த அன்று, சொந்தக்காரர் எல்லாரும் போன பிறகு, கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு நீங்களே சொன்னீர்கள்.

"றீற்றா, என்ர உடம்பில ஏதோ குறை இருக்கு. மற்றப் பெடியளுக்கு வந்த ஒண்டும் எனக்கு வரேல்லை. அம்மாட்டைச் சொன்னனான். கலியாணம் கட்டினாச் சரியாப் போகும் எண்டு சொன்னவ."

"கட்ட முதல் என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் வரமாட்டீரே."

நான் உங்களைத் தேற்றவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான் வந்தன. இது நோயா, பிறவியிலேயே வந்ததா, மருந்து இருக்கிறதா என்று கேட்க எங்களுக்கு ஆளில்லை. கேட்க வாயும் வரவில்லை. உங்கள் அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். அது பலிக்காமல் போக, ஒருவருக்கும் தெரியாமல் வெருகல் முருகனுக்கும் வைத்தார்.

அந்த முதல் கிழமை தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். "வடிவா இருக்கு" என்றீர்கள். மணக்கிறது என்று சொல்லவில்லை. கருவாட்டுக்குள்ளே கிடந்து மனுசனுக்கு மூக்கு மரத்துப் போய்விட்டது என்று நினைத்தேன். சோறு அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருக்கும், நீங்கள் பக்கத்துக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஓடிவந்து கத்தினால் தலையை ஆட்டுவீர்கள். "ஓம், ஓம், மணக்குது." எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் அந்தத் தலை ஆடும்.

இரண்டாம் வருடம் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "உனக்கென்ன தலைவிதியே? இப்பிடிக் கட்டின கலியாணம் கோயில் சட்டத்தில செல்லாது. வா, ஃபாதரிட்டைப் போவம்" என்றார். நான் போனேன். போனதற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. எனக்கு முப்பது வயதாகியிருந்தது. பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. உங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளி விறாந்தையில் இருந்தீர்கள்.

ஃபாதர் நல்ல மனிதர். ஆனாலும் கேட்க வேண்டியதை அவர் கேட்கத்தானே வேண்டும்.

"பிள்ளை, இதை நீங்கள் உங்கட வாயால சொல்ல வேணும்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நீங்கள் எழும்பி உள்ளே வந்தீர்கள்.

"அவவைக் கேக்காதேங்கோ ஃபாதர். நான் சொல்லுறன். நான் ஆம்பிளை இல்லை. எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

அண்ணன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபாதர் பேனையைத் தொடவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தச் சொல்லை நான் சொல்ல வேண்டி வரக்கூடாது என்பதற்காக உங்களை நீங்களே அப்படிச் சொன்னீர்கள், அது மட்டும் விளங்கியது. "வாங்கோ, வீட்டை போவம்" என்றேன். கடற்கரை வழியாக நடந்து வந்தோம். அன்றோடு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். உங்கள் செத்தவீட்டுக்குத்தான் திரும்ப வந்தார்.

அதன் பிறகு வருடங்கள் அப்படியே போயின. அண்ணன் தங்கை போலச் சீவிக்கிறார்கள் என்று அயலில் கதைத்தார்கள். கதைக்கட்டும் என்று விட்டோம். வேறு என்ன செய்வது?

ஒருநாள் வாடியில் மீன் பெட்டி தூக்கும்போது உங்கள் மணிக்கட்டு முறிந்தது. நீங்கள் விழவில்லை. பெட்டி கொஞ்சம் சரிந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் உங்கள் வயதைத் திரும்பக் கேட்டார். "வயசு போன மனுசியின்ர எலும்பு மாதிரியெல்லோ இருக்கு" என்றார். பிறகுதான் உங்கள் முகத்தை வடிவாகப் பார்த்தார். குரலைக் கவனித்தார். கொழும்பு ஆஸ்பத்திரியில் காட்டத் துண்டு எழுதித் தந்தார். கை முறிந்திராவிட்டால் நாங்கள் கடைசிவரை ஒரு டொக்டரிடமும் போயிருக்க மாட்டோம்.

கொழும்பு கிளினிக்கில் இருந்தவர் எங்களைவிட இளையவர், மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. உடம்பைச் சோதித்தார். பிறகு இருந்தாற்போல் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு மணம் தெரியுமோ?"

நீங்கள் தலையை ஆட்டத் தொடங்கினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஆட்டுவதை நிறுத்தினீர்கள்.

"இல்லை டொக்டர். சின்னனில எல்லாரும் மணக்குது, நாறுது எண்டேக்கை பகிடிக்குச் சொல்லுறாங்கள் எண்டு நினைச்சனான். எனக்கு மட்டும்தான் இல்லை எண்டு பிறகுதான் விளங்கினது. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எட்டு வருடம் உங்களோடு ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

டொக்டர் ஒரு தாளில் மனுசத் தலையொன்றைக் கீறினார். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், கடலைப் பருமனில் ஒரு சுரப்பி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கபச்சுரப்பி என்று படித்திருப்பீர்கள் என்றார். அதற்கு மேலே மூளையில் ஒரு சின்ன இடம். பருவ வயது வந்ததும் அந்த இடத்திலிருந்து கபச்சுரப்பிக்கு விட்டுவிட்டு ஒரு ஓமோன் இறங்குமாம். அது வந்தால்தான் கபச்சுரப்பி தன் ஓமோன்களை இரத்தத்தில் விடும். ஆணென்றால் விதைக்கும் பெண்ணென்றால் சூலகத்துக்கும் அது போய்ச் சேரும். மீசை, குரல், மார்பு, மாதவிடாய், எலும்பின் பலம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது மூக்கின் கதைதான். மூளையில் இருந்து அந்த முதல் ஓமோனை விட வேண்டிய உயிர்க்கலங்கள், பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போது மூக்குப் பக்கத்தில்தான் உண்டாகின்றனவாம். மணத்துக்குரிய நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் ஏறிப் போகின்றனவாம். உங்களுக்கு அந்த நரம்பு சரியாக அமையவில்லை. அதனால் மணமும் இல்லை, அந்தக் கலங்கள் போய்ச் சேரவும் இல்லை. இதற்கு ஒரு வெளிநாட்டு டொக்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு இன்னும் வாயில் வராது.

"உங்கட கபச்சுரப்பியில பிழை இல்லை. விதையிலயும் பிழை இல்லை. மேலயிருந்து வரவேண்டியது வரேல்லை. அதுதான் ரெண்டும் சும்மா இருக்குதுகள்" என்றார் டொக்டர்.

"அப்ப இது நான் செய்த பிழை இல்லையோ?"

"ஒருத்தற்ற பிழையும் இல்லை. என்ன, பதினைஞ்சு பதினாறு வயசில வந்திருந்தா எலும்பும் தப்பியிருக்கும்."

அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது கோபமில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது மணம் தெரியாமல் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார். நீங்கள் அங்கேயே வெளியில் நின்று விமலாவுக்குப் போன் எடுத்தீர்கள். "இல்லை அண்ணா, இஞ்ச ஒருத்தருக்கும் இல்லை" என்றாள். தர்சி அப்போது சின்னப் பிள்ளை.

பிறகு மூன்று கிழமைக்கு ஒரு ஊசி. ஊரில் பெடியள் பதின்மூன்று வயதில் ஆடும் கூத்தை நான் முப்பத்தெட்டு வயது மனுசனில் கண்டேன். கன்னம் முழுக்கப் பரு. ஒரு வசனம் சொல்லி முடிப்பதற்குள் குரல் மேலேயும் கீழேயும் போகும். ஒன்றுமில்லாததற்குக் கதவை அடித்துச் சாத்துவீர்கள். பிறகு வந்து குசினி வாசலில் நின்று அழுவீர்கள். மீசை அரும்பியதும் சலூனுக்குப் போனீர்கள். "என்ன, எடுக்கிறதோ விடுறதோ?" என்று சலூன்காரர் கேட்டாராம். அந்தக் கேள்வியை எனக்கு எத்தனை தரம் சொல்லிக் காட்டினீர்கள்!

எங்கள் கலியாணம் எப்போது கலியாணமானது என்பதை இங்கே எழுத மாட்டேன். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும். பிள்ளை பிறக்க வேறு ஊசி இருக்கிறது, அடிக்கடி போட வேண்டும், பலன் நிச்சயமில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதலில் நீங்கள் தேறுங்கள், பிறகு பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அந்தப் பிறகு எங்களுக்கு வரவே இல்லை.

பாட்டும் போய்விட்டது. பெரிய வெள்ளியன்று நீங்கள் பாடும் புலம்பலைக் கேட்டால் வெளியில் நிற்கிற ஆட்களும் உள்ளே வந்து முழந்தாளிடுவார்கள். புதுக்குரலுக்கு அந்த இடம் எட்டவில்லை. அந்த வருடம் கோயிலில் ஆட்கள் இருக்கும் கடைசி வாங்குக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். கவலையோ என்று கேட்டேன். "கவலைதான். ஆனா இதுதானே என்ர குரல்" என்றீர்கள். வாடியில் மீசையோடும் உங்களை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வாய்ப் பழக்கமாம்.

பிறகு நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. கிளினிக்கில் ஊசி இல்லை. பார்மசிகளில் இல்லை. கந்தளாயில் இருப்பதாக யாரோ சொல்ல, பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் பஸ்சில் நெரிபட்டுப் போய்க் கேட்டு வந்தேன். அங்கேயும் இல்லை. மாதக்கணக்கில் ஊசி இல்லாமல் போனது. நீங்கள் சோர்ந்தீர்கள். முகம் இருண்டது. சவரம் செய்யும் நாட்கள் குறைந்தன. "பழைய ஆளாப் போறன் போல கிடக்கு" என்று ஒருநாள் சிரிப்பில்லாமல் சொன்னீர்கள். ஊசி திரும்ப வந்தது. ஆனால் எலும்புக்கு முன்னமே நடக்க வேண்டிய சேதம் நடந்து முடிந்திருந்தது. அடுத்த மாரியில் மீன் இறக்கும் இடத்தில் சறுக்கி விழுந்தீர்கள், இடுப்பில் முறிவு. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். எழும்பி இருந்து கஞ்சி குடித்தீர்கள். அடுத்த நாள் காலை காலில் கட்டியிருந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. நான் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வார்ட்டுக்குள் வந்தபோது திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

உங்கள் ஆண்டுத் திருப்பலி முடிந்து வீட்டில் சாப்பாடு கொடுத்தோம். கட்டைபறிச்சானில் இருந்து விமலாவும் தர்சியும் வந்திருந்தார்கள். நான் முற்றத்தில் ஆட்களைக் கவனித்துக்கொண்டு நின்றேன். பருப்பு கருகும் மணம் வாசல்வரை வந்தது. குசினிக்கு ஓடினால், அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டுப் போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் தர்சி.

"பிள்ளை, மணக்கேல்லையோ?"

நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் பிந்தித் தலையை ஆட்டினாள். "ஓம் மாமி, மணக்குது."

சட்டி கையில் சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நீண்ட கைகால்கள், தட்டையான நெஞ்சு, பத்து வயதுப் பிள்ளையின் முகம்.

விமலாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கொதித்துவிட்டாள். "அவள் ஓடுற பிள்ளை மச்சாள், மெலிஞ்ச உடம்பு. கொஞ்சம் பிந்தித்தான் வரும். அண்ணாவை ஊர் சொன்னது காணும். என்ர பிள்ளையையும் சொல்ல வைக்காதேங்கோ." சாப்பிடாமலே மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு நான் எடுத்தால் போனைத் தூக்குவதில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தாய் வேண்டாம் என்கிற இடத்தில் மாமி எவ்வளவு தூரம் போகலாம்? மாதக்கணக்கில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடித்திருப்பீர்கள்.

கடைசியில் தர்சிதான் போன் எடுத்தாள். "மாமி, மாமாவுக்கு இருந்ததுதான் எனக்குமோ? வகுப்பில எல்லாரும் என்னைக் கேக்கினம். அம்மாட்டைக் கேட்டா அழுறா." அடுத்த நாளே பஸ் ஏறினேன்.

விமலா முற்றத்தில் காயவிட்ட நெல்லுக்குக் கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கோ" என்றாள், முகத்தைப் பார்க்காமல். நான் சண்டை பிடிக்கவில்லை. உங்கள் எக்ஸ்ரேயைப் பற்றிச் சொன்னேன். பதினாறில் வந்திருந்தால் எலும்பு தப்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். திரை மூடியிருந்த கட்டிலைச் சொன்னேன். அதுவரை நான் யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

விமலா நெல்லின் மேலேயே குந்திவிட்டாள்.

"எனக்குத் தெரியும் மச்சாள். அவள் மூண்டாம் வகுப்பில இருக்கேக்கையே தெரியும். சின்னனில அண்ணா என்ர காதுக்குள்ள வந்து 'என்ன மணக்குது, சொல்லு' எண்டு கேப்பார். நான்தான் சொல்லிக் குடுக்கிறனான், ஆக்கள் சிரிக்கக்கூடாது எண்டு. ஒருநாள் இவளும் அப்பிடியே வந்து கேட்டாள். அண்டைக்கே விளங்கிட்டுது. கொழும்பில இருந்து அண்ணா கேக்கேக்கை இல்லை எண்டு சொன்னனான். சொன்னா உண்மையாப் போயிடும் எண்டு பயந்தனான்."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

கிளினிக்கில் அதே டொக்டர்தான். என்னை அடையாளம் கண்டு, "அவர் எங்கே?" என்று கேட்டார். சொன்னேன். எழும்பி வந்து என் தோளில் கையை வைத்தார். இரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கான் பண்ணினார்கள். மறுமுறை போனபோது முடிவு சொன்னார். உங்களுடையது போலத்தான். "ஆனா நேரத்துக்குக் கொண்டு வந்திட்டியள்" என்றார். இனித் தினமும் விழுங்கக் குளிசை. பெண் ஓமோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுப்பார்களாம். உடம்பு வளர்ந்த பிறகு மாதவிடாய் வர வேறு குளிசை. எலும்பு பலப்படும். மணம் மட்டும் வராது. அந்த 'நேரத்துக்கு' என்ற சொல்லைக் கேட்டு விமலா கும்பிட்டாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். சந்தோசப்பட வேண்டிய இடத்தில் எனக்கு உங்கள் பதினாறு வயது முகம்தான் வந்தது. ஃபோட்டோவில்கூட நான் பார்த்திராத முகம்.

திரும்பி வரும் பஸ்சில் விமலா, பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்தியச் சடங்குக்கென்று எப்போதோ வாங்கி அலுமாரியில் வைத்த சீலையைப் பற்றிக் கதைத்தாள்.

"அம்மா, குளிசை போட்டு வாறதுக்கு மேளம் அடிச்சு ஊரைக் கூப்பிடாதேங்கோ" என்றாள் தர்சி.

விமலா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊரைக் கூப்பிடேல்லை. ஒருநாளைக்கு உடுத்துக் காட்டு. நான் மட்டும் பாக்கிறன்."

தர்சி என்பது அவளுடைய உண்மைப் பெயரில்லை, விமலாவும் இல்லை. இதை எழுதி முதலில் அவர்களுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். "எங்கட பேரை மாத்துங்கோ மாமி, மாமாட பேரை மாத்தாதேங்கோ" என்றாள் அவள். மாற்றவில்லை.

வீட்டில் விசேஷமில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். நான் ஒருத்திக்குச் சமைக்கப் பழகவில்லை, இன்னும் மிஞ்சுகிறது.

ஐப்பசியில் அடுத்த கிளினிக். மழை தொடங்கி வீதி மூடினால் என்ன செய்வது என்று விமலா கேட்கிறாள். முதல் கிழமையே பிள்ளையை இங்கே கூட்டிவந்து வைத்திருப்பேன். குளிசை கிடைக்காத காலம் திரும்ப வந்தால், கிடைக்கும் இடம்வரை போவேன். இதனால் உங்களை இழந்த துக்கம் தீரும் என்று நான் நம்பவில்லை. உங்கள் இடத்தில் ஒருவரையும் வைக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை தன் உடம்பைப் பற்றி ஒருவர் முன்னாலும் தலைகுனிந்து பதில் சொல்ல நான் விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கட மனுசி,
றீற்றா